வேடிக்கை பார்க்கிறவனுக்கு இடமில்லை

"இப்ப என்ன வேல பாக்குற?" என்று பலாங்கொடை பஸ் நிலையத்தில் பழைய கூட்டாளிகள் யாராவது கேட்டால், "பெரிய மனுசங்களுக்கு வெளையாடச் சொல்லிக் குடுக்குறேன்" என்பேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள். உண்மையில் அதுதான் என் வேலை. வெள்ளிக்கிழமை இரவு கொழும்பிலிருந்து பஸ் வந்து நிற்கும். வங்கி, காப்புறுதி, ஆடைத் தொழிற்சாலை, தேயிலை ஏற்றுமதி என்று ஏதாவது ஒரு கம்பனியைச் சேர்ந்த முப்பது நாற்பது பேர் தூக்கக் கலக்கத்தோடு இறங்குவார்கள். சனியும் ஞாயிறும் அவர்கள் என் பொறுப்பு. கயிறு, பலகை, பழைய டயர், கண் கட்டுகிற துணி, ஒரு தப்பு மேளம். என்னுடைய ஆயுதங்கள் இவ்வளவுதான்.

பலாங்கொடையிலிருந்து அப்புத்தளைக்குப் போகும் ரோட்டில் இருபது கிலோமீட்டருக்குள் பெலிஹுல்ஓயா. ஹோர்ட்டன் சமவெளியிலிருந்து இறங்கி வருகிற ஆறு அது. சித்திரை வெயிலிலும் தண்ணீரில் கால் வைத்தால் விறைக்கும். பக்கத்தில் பம்பஹின்னையில் சப்ரகமுவ பல்கலைக்கழகம். ஆற்றங்கரையிலும் சரிவிலும் கூடாரம் அடித்து, கம்பனி ஆட்களுக்கு "அவுட்பவுண்ட்" பயிற்சி கொடுக்கிற முகாம்கள் இங்கே பல இருக்கின்றன. அதில் ஒன்றில் நான் கயிற்றுக்காரன். ஆங்கிலத்தில் அதற்குப் பெரிய பெயர் ஒன்று உண்டு. எனக்கு அது நாக்கில் நிற்பதில்லை.

நான் பிறந்தது பலாங்கொடைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில். அம்மாவுக்குக் கொழுந்து மலை. அப்பாவுக்கு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை. பதினாறு வயதில் எங்கள் பக்கத்துப் பையன்கள் போகிற வழியிலேயே நானும் போனேன். புறக்கோட்டையில் ஓர் இரும்புக் கடையில் பத்து வருசம். அப்பா வருத்தத்தில் விழுந்ததும் திரும்பி வந்தேன். முகாமில் வெங்காயம் உரிக்கத்தான் சேர்ந்தேன். ஒருநாள் கயிறு பிடிக்கிறவர் வரவில்லை. பயிற்சி கொடுக்கிற பெரியவர் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்து, "மல்லி, இங்க வந்து இதைப் பிடி" என்று சிங்களத்தில் கூப்பிட்டார். பிடித்தவன் இன்னும் விடவில்லை.

முதல் விளையாட்டு எப்போதும் சதுரம். பன்னிரண்டு பேரை வட்டமாக நிறுத்திக் கண்ணைக் கட்டுவேன். இரண்டு முனையும் சேர்த்து முடிந்த நீளக் கயிறு ஒன்றைக் கையில் கொடுப்பேன். "கயித்தை விடாம இதைச் சரியான சதுரமாக்கிக் கீழ வைக்கணும். இருபது நிமிசம்." வேறு சட்டம் இல்லை. கேட்கும்போது சின்னப்பிள்ளை வேலை மாதிரி இருக்கும். செய்து பாருங்கள்.

கண் கட்டியதும் முதலில் பேசுகிறவர் யார் என்று பார்த்தால் அந்தக் கம்பனியின் வண்டவாளம் பாதி தெரிந்துவிடும். பெரும்பாலும் பெரியவர்தான் பேசுவார். தான் எங்கே நிற்கிறோம் என்பதே தெரியாமல் "நீ இடப்பக்கம் போ, நீ வலப்பக்கம் போ" என்று உத்தரவு போடுவார். யாருக்கு இடம், யாருக்கு வலம்? ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஐந்து நிமிசத்தில் கயிறு நூடில்ஸ் மாதிரி ஆகிவிடும்.

தேயிலை ஏற்றுமதிக் கம்பனி ஒன்று வந்திருந்தது. பொதி கட்டும் பகுதியில் வேலை செய்கிற ஓர் அக்கா, தமிழ் மட்டுந்தான் சரளமாகப் பேசுவார். பத்து நிமிசம் பேசாமல் நின்றவர் மெதுவாகச் சொன்னார்: "கயித்த ரெண்டா மடிங்க. பொறவு அதையும் ரெண்டா மடிங்க. மடிப்புக்கு ஒரு ஆள் நில்லுங்க." நாள் முழுக்க அட்டையும் தாளும் மடிக்கிற கைக்கு அது தெரிந்திருக்கிறது. பக்கத்தில் நின்ற பையன் அதைச் சிங்களத்தில் சொன்னான். இன்னொருத்தி ஆங்கிலத்தில் திருப்பினாள். இருட்டுக்குள்ளேயே அந்த மூன்று வரி பன்னிரண்டு பேரையும் சுற்றி வந்தது. துணியை அவிழ்த்தபோது தரையில் கிடந்தது ஏறக்குறைய சரியான சதுரம். டிரெக்டர் அந்த அக்காவைப் பார்த்து, "உங்கட பேர் என்ன?" என்று கேட்டார். அக்கா அந்தக் கம்பனியில் பதினோரு வருசமாக இருக்கிறார்.

இந்தத் தொழிலின் சூட்சுமம் அந்தக் கேள்விதான். அலுவலகத்தில் ஒருவருக்கொருவர் பதவியாகத்தான் தெரிகிறார்கள். கண்ணைக் கட்டினால் குரலும் கையுமாகத் தெரிகிறார்கள். சதுரம் கோணலாகப் போனால் யாருக்கும் நட்டமில்லை. அதனால் வாய் திறக்காதவர்களும் திறக்கிறார்கள். யோகான் ஹெய்சிங்கா என்ற டச்சு வரலாற்றாசிரியர் 1938இல் விளையாட்டைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். விளையாட்டு தனக்கென்று ஓர் எல்லை போட்டுக்கொள்கிறது, அந்த எல்லைக்குள் வெளியே உள்ள சட்டம் செல்லாது என்பது அதில் ஒரு முக்கியமான கருத்து. பல்கலைக்கழகத்துப் பிள்ளை ஒருவர் இதை எனக்கு விளக்கியபோது, "இதுக்கு எதுக்குப் புத்தகம் தம்பி, எங்க காமன் பொட்டல்ல நான் பாத்ததுதானே" என்றேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

அவுட்பவுண்ட் என்பது கப்பற்காரர் சொல். துறைமுகத்தை விட்டு வெளிக்கடலுக்குக் கிளம்புவதைக் குறிப்பது. இந்தப் பயிற்சி பிறந்ததும் ஒரு வியாபாரக் கம்பனியின் தேவையால்தான். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. உயிர்காப்புப் படகில் ஏறிய மாலுமிகளில், உடல் வலுவுள்ள இளைஞர்களைவிட வயதான அனுபவசாலிகளே கூடுதலாகப் பிழைத்தார்கள் என்பதை புளூ ஃபனல் கப்பல் கம்பனியின் லாரன்ஸ் ஹோல்ட் கவனித்தார். குறைந்தது தசைவலு அல்ல, பக்கத்தில் இருக்கிறவன்மேலும் தன்மேலும் உள்ள நம்பிக்கை. நாஜிகளிடமிருந்து தப்பி வந்த ஜெர்மன் கல்வியாளர் குர்ட் ஹானுடன் அவர் சேர்ந்தார். 1941இல் வேல்ஸ் கடற்கரையில் அபர்டோவியில் முதல் பள்ளி திறந்தது. அங்கே ஒரு மாத அளவில் படகு, மலை, கயிறு. அதன் கொள்ளுப்பேரன்தான் பெலிஹுல்ஓயாவின் இரண்டு நாள் முகாம். அங்கே பிடியை விட்டால் உயிர் போகும். இங்கே பிடியை விட்டால் பகல் சாப்பாடு அரை மணி பிந்தும்.

இனி காமன் கூத்து.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை அன்று எங்கள் தோட்டத்தில் காமன் பொட்டலில் கம்பம் நடுவார்கள். அன்றிலிருந்து பௌர்ணமி வரைக்கும் இரவில் தப்புச் சத்தந்தான். சிவனுடைய தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் நெற்றிக்கண்ணில் எரிந்து சாம்பலான கதை. ரதியாக வேடம் போடுகிறவரும் ஆண்தான். ரதியும் மன்மதனும் லயம் லயமாக, வாசல் வாசலாகப் போவார்கள். தூதன், இந்திரன், எமன், வீரபத்திரன், காளி, குறவன், குறத்தி என்று கடைசி இரவில் வேடம் வரிசை கட்டும். மன்மதன் எரிந்த பிறகு ரதி அழுகிற அழுகைக்குப் பொட்டலே அழும். எங்கள் அப்பாவுக்குத் தூதன் வேடம். ஸ்டோரில் ஒரு நாள் முழுக்க நின்று வேலை செய்த கால், இரவு விடிய விடிய ஆடும்.

வெளியூர்க்காரர்கள் இதை நாடகம் என்று எழுதுகிறார்கள். அது அரைகுறையான விவரம். நாடகத்தில் பார்க்கிறவர்கள் என்று ஒரு கூட்டம் தனியே இருக்கும். காமன் கூத்தில் அப்படி யாரும் இல்லை. ஒருவர் பந்தம் பிடிப்பார். ஒருவர் எண்ணெய் ஊற்றுவார். வீரபத்திரனுக்கு ஆவேசம் ஏறினால் வேட்டியை இடுப்பில் சுற்றி நாலு பேர் இழுத்துப் பிடிப்பார்கள். பெண்கள் ரதிக்கு மஞ்சளும் குங்குமமும் கொண்டு வருவார்கள். ஒன்றும் முடியாத கிழவிகள் ரதியோடு சேர்ந்து ஒப்பாரி வைப்பார்கள்; அதுவும் வேலைதான். ஒன்பது வயதில் எனக்குக் கிடைத்தது எண்ணெய் டின். அன்றைக்கு நான் தோட்டத்துத் தொரையைவிடப் பெரிய ஆள்.

தொரையும் வருவார். நாற்காலி போட்டு உட்காருவார். குறவனாக வருகிறவர் கங்காணியையும் அவருக்கு மேலே உள்ள கண்டாக்கையாவையும் பெயர் சொல்லாமல் கேலி பண்ணுவார். யாரை என்று எல்லாருக்கும் தெரியும். அடுத்த நாள் காலையில் பெரட்டுக் களத்தில், அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், அதே கண்டாக்கையா அதே குறவனுக்குப் பேர் போடுவார். முதல்நாள் கேலியைக் கணக்கில் வைக்க முடியாது. பொட்டலில் நடந்தது பொட்டலோடு. ஆனால் உறவு மட்டும் பொட்டலோடு முடியாது. பீலித் தண்ணீருக்காக மேல் லயத்துக்கும் பணிய லயத்துக்கும் ஒரு வருசம் அடிதடி வரைக்கும் போனது. பேசித் தீர்க்க யாரை அனுப்பினார்கள் தெரியுமா? மேல் லயத்து ரதியையும் பணிய லயத்து மன்மதனையும். இரண்டு பேரும் முகத்தைப் பார்த்தவுடனே சிரித்துவிட்டார்களாம். அப்புறம் எங்கே சண்டை?

முகாமில் நான் வைத்திருக்கிற ஒரே சட்டம் இதிலிருந்து எடுத்ததுதான். யாரும் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. கால் வலிக்கிறவர் நேரம் பார்க்கலாம். பேச்சுக்குக் கூச்சப்படுகிறவர் தப்பு அடிக்கலாம். ஏதாவது ஒரு வேலை கையில் இருக்க வேண்டும். முக்கியமாக, பெரியவருக்கு இருக்க வேண்டும்.

இந்தச் சட்டத்தை நான் ஒருதரம் விட்டுக்கொடுத்தேன். பெயர் வேண்டாம், கொழும்பில் ஒரு பெரிய கம்பனி. ஆள் நிர்வாகப் பகுதியிலிருந்து வந்தவர், "நான் விளையாடல்ல, பாத்துக்கொண்டு நிக்கிறன்" என்றார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். நல்ல மனிதர், எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். நான் தலையாட்டினேன். முதல் விளையாட்டு முடியுமுன்பே முப்பது பேரும் அந்த நோட்டைக் கண்டுகொண்டார்கள். அதற்குப் பிறகு யாரும் விளையாடவில்லை. எல்லாரும் சுறுசுறுப்பாக நடித்தார்கள். தலைமை தாங்குகிற மாதிரி கத்தினார்கள், ஒத்துழைக்கிற மாதிரி கை தட்டினார்கள். ஒரே நாளில் என் முகாம் பெரட்டுக் களம் ஆகிவிட்டது. இரண்டு மாதம் கழித்து அந்தக் கம்பனிப் பையன் ஒருவன் போன் எடுத்தான். "அண்ணே, அன்னைக்கு நான் கயித்துப் பாலத்துல பயந்தத எழுதி வச்சிருக்காங்க. புரமோசன் பேச்சுல அத எடுத்தாங்க." எனக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. உயரத்துக்குப் பயப்படுகிறவன் கணக்கு எழுத லாயக்கில்லை என்று யார் சொன்னது?

இன்னொரு தவறு முழுக்க என்னுடையது. உயரமான மேடையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாக விழ வேண்டும். கீழே பத்துப் பேர் கை கோத்துத் தாங்குவார்கள். நம்பிக்கை வளர்க்கிற விளையாட்டு என்று பேர். ஒரு தங்கச்சி மாட்டேன் என்றாள். நான் விடவில்லை. எல்லாரையும் அவள் பெயரைச் சொல்லிக் கத்தச் சொன்னேன். விழுந்தாள். தாங்கினார்கள். கை தட்டினார்கள். அவள் நேரே போய்ப் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டாள், மாலை வரை இறங்கவில்லை. பத்து ஆம்பிளைகளின் கையில் விழ அவளுக்கு விருப்பமில்லை என்பது என் மண்டைக்கு ஏறவில்லை. அமெரிக்காவில் 1971இல் தொடங்கிய புரொஜெக்ட் அட்வெஞ்சர் என்ற அமைப்பில் வேலை செய்த கார்ல் ரோன்கே என்பவர், சவால் எடுப்பதும் விடுவதும் ஆடுகிறவர் விருப்பம் என்பதை இந்தத் துறையின் அடிப்படை விதியாக்கியிருக்கிறார் என்பதைப் பிறகுதான் படித்தேன். இப்போது அந்த மேடையில் நாங்கள் துணி காயப் போடுகிறோம்.

காட்டிலும் ஆற்றிலும் மட்டுந்தான் இது நடக்கும் என்றில்லை. மழை பிடித்தால் மண்டபத்துக்குள் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரெஸ்டரும் அவரோடு இருந்தவர்களும் 1960 வாக்கில் உருவாக்கியது. அவர்கள் பியர்ப் பெட்டியை வைத்து ஆடினார்கள். எங்கள் ஊரில் அது தேயிலைப் பெட்டி. நாலு பேர்: சில்லறைக் கடைக்காரர், மொத்தக் கடைக்காரர், விநியோகஸ்தர், ஸ்டோர். பேசக் கூடாது. ஒவ்வொரு வாரமும் ஒருவர் மற்றவருக்குத் துண்டுச்சீட்டில் எத்தனை பெட்டி வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்ட பெட்டி வந்து சேர இரண்டு மூன்று வாரம் ஆகும். கையிருப்பு கூடினாலும் நட்டம், இல்லாமல் போனாலும் நட்டம்.

பத்தாவது வாரத்தில் கடைக்காரர் பதறுவார், பெட்டி வரவில்லையென்று இருமடங்கு கேட்பார். மொத்தக் கடைக்காரர் அதைப் பார்த்து மும்மடங்கு கேட்பார். ஸ்டோர்க்காரர் இரவு பகலாக அடித்துத் தள்ளுவார். இருபதாவது வாரத்தில் ஸ்டோர் முழுக்கப் பெட்டி, வாங்க ஆளில்லை. "சனங்க ஒரு வாரம் கேக்குறாங்க, ஒரு வாரம் கேக்கல, நாங்க என்ன பண்ண?" என்று எல்லாரும் வாடிக்கையாளர்மேல் பழி போடுவார்கள். அப்போதுதான் வாடிக்கையாளர் சீட்டுகளைத் திறந்து காட்டுவேன். முதல் நாலு வாரம் நாலு பெட்டி. ஐந்தாம் வாரத்திலிருந்து எட்டுப் பெட்டி. அதற்குப் பிறகு கடைசி வரை எட்டேதான். ஒருதரம் மாறிய கணக்குக்கு இவ்வளவு கூத்து. சாட்டையைக் கைப்பிடியில் சின்னதாக ஆட்டினால் நுனியில் பெரிதாகச் சொடுக்குகிற மாதிரி என்று இதற்கு உவமை சொல்லுவார்கள். ஆடி முடிந்ததும் ஏலப் பக்கத்துக்காரரும் ஸ்டோர்ப் பக்கத்துக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கொழும்பு ஏலம் 1883இல் தொடங்கியது. இந்த இரண்டு பக்கமும் ஒன்றையொன்று திட்டிக்கொள்வதும் அன்றைக்கே தொடங்கியிருக்க வேண்டும். என்னிடம் ஆதாரம் இல்லை, ஊகந்தான்.

டொம் வூஜெக் என்பவர் 2010இல் ஒரு மேடையில் சொன்ன விவரம் எனக்கு மிகவும் பிடிக்கும். இருபது ஸ்பகெட்டிக் குச்சி, கொஞ்சம் நூல், கொஞ்சம் டேப். பதினெட்டு நிமிசத்தில் கோபுரம் கட்டி உச்சியில் ஒரு மாஷ்மெலோ வைக்க வேண்டும். பீட்டர் ஸ்கில்மன் கண்டுபிடித்த விளையாட்டு. வியாபார நிர்வாகம் படித்தவர்களைவிட பாலர் பள்ளிப் பிள்ளைகள் உயரமாகக் கட்டுகிறார்கள். படித்தவர்கள் யார் தலைவர் என்று முடிவெடுப்பதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது. பெரிய கம்பனித் தலைவர்கள் தனியே கட்டினால் சுமார்தான். அவர்களுடைய அலுவலக உதவியாளர் ஒருவர் கூடச் சேர்ந்தால் கோபுரம் உயர்ந்துவிடுகிறது. நான் இதை ஈர்க்கிலும் தேசிக்காயிலும் செய்ய வைக்கிறேன். தேசிக்காய் பாரம் கூட. விழும்போது நல்ல சத்தம்.

தேயிலைக் கம்பனிக்காரர்கள் வந்தால் ஞாயிறு காலை மலைக்குக் கூட்டிப் போவேன். சுற்றுலாக்காரர்கள் செய்வதை இங்கே சொல்ல வேண்டும். 2005இல் பொகவந்தலாவை, அட்டன் பக்கத்துப் பழைய தொரை பங்களாக்கள் சிலோன் டீ ட்ரெயில்ஸ் என்ற பெயரில் விருந்தினருக்குத் திறந்தன. ஹந்தானையில் தேயிலை நூதனசாலை இருக்கிறது. தம்பேதன்னைக்கு மேலே லிப்டன் உட்கார்ந்த இடத்தைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். தேயிலையை விற்பதோடு தேயிலை முளைக்கிற இடத்தையும் அனுபவமாக விற்கலாம் என்பது நல்ல வியாபார புத்திதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் சேலை கட்டி, கூடையை முதுகில் மாட்டி, நாலு இலையைக் கிள்ளிப் படம் பிடித்துக்கொண்டு போவது வேடிக்கை. அதில் உறவு ஒன்றும் உண்டாகாது.

நான் செய்வது வேறு. எங்கள் அக்காமார் நாலு பேர் வந்து இடுப்பில் படங்கு கட்டிவிடுவார்கள், கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டிவிடுவார்கள். ஒரு மணி நேரம் நிஜமாக எடுக்க வேண்டும். இரண்டு இலையும் மொட்டும். பிறகு மடுவத்தில் நிறுவை. நிறுக்கிறவன் நான். கணக்குப் பகுதி அதிகாரி ஒருவர் கை எல்லாம் கீறி இரண்டரைக் கிலோ எடுத்திருந்தார். "தண்ணிக்குக் கால் கிலோ, கூடைக்குக் கால் கிலோ, முத்தல் இலைக்கு அரைக் கிலோ" என்று கழித்து ஒன்றரை என்று எழுதினேன். மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. "இது அநியாயம்! இலையில தண்ணி எங்க இருக்கு? காட்டுங்க பாப்பம்!" பக்கத்தில் நின்ற அக்காமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் அம்மா முப்பது வருசம் கேட்ட கேள்வி அது. அந்த அதிகாரி ஒரே காலையில் கேட்டுவிட்டார். எங்கள் பக்கத்தில் ஒரு நாள் பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, அம்மாவிடம் கேட்ட அளவு பதினெட்டுக் கிலோ என்று சொன்னபோது அவர் பேசவில்லை. அந்தக் கீறிய கையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

பிறகு ஸ்டோருக்குப் போய்ச் சாயம் ருசி பார்ப்பது. நூறு மில்லிலீற்றர் கொதிநீருக்கு இரண்டு கிராம் தூள், ஆறு நிமிசம், ஐ.எஸ்.ஓ. 1980இல் எழுதிவைத்த முறை. கரண்டியில் எடுத்து, உர்ரென்று சத்தம் போட்டு உறிஞ்சி, வாய் முழுக்கச் சுழற்றித் துப்ப வேண்டும். சத்தம் வராவிட்டால் ருசி பிடிபடாது. இதைவிடச் சமத்துவமான விளையாட்டை நான் பார்த்ததில்லை. டிரெக்டரும் டிரைவரும் வரிசையாக நின்று உறிஞ்சித் துப்பும்போது யாருடைய கௌரவம் மிஞ்சும்?

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டுக் கம்பனிகள் ஒவ்வொரு சித்திரையிலும் விளையாடிக்கொண்டுதான் இருக்கின்றன. புத்தாண்டுக்கு அலுவலகத்து முற்றத்தில் கயிறு இழுப்பு, சாக்கு ஓட்டம், கண்ணைக் கட்டிப் பானை உடைப்பது, யானைக்குக் கண் வைப்பது, தொங்கவிட்ட பணிஸைக் கையைக் கட்டிக்கொண்டு கடிப்பது. எந்தப் பயிற்சிப் புத்தகமும் இல்லாமல் தமிழரும் சிங்களவருமாக இரண்டு சனமும் சேர்ந்து ஆடுகிறார்கள். ஒரு தரம் முகாமில் பல்லாங்குழிப் பலகையை எடுத்து வைத்தேன். கேகாலையிலிருந்து வந்த சிங்களத்து அம்மா ஒருவர், "இது எங்கட ஒலிந்த கெலிய!" என்று கத்தினார். ஒலிந்த என்றால் குன்றிமணி. அவர்கள் புத்தாண்டுக்குக் குன்றிமணி போட்டு ஆடுகிறதை நாங்கள் புளியங்கொட்டை போட்டு ஆடுகிறோம். சட்டத்தில் இருந்த சின்ன வித்தியாசத்துக்கு அவரும் எங்கள் குசினி அக்காவும் அரை மணி நேரம் வாதாடினார்கள். அந்த வாதத்தைவிட நல்ல பயிற்சியை என்னால் கொடுக்க முடியாது என்று நானும் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சென்னையில் வினிதா சித்தார்த்தா 2002இல் தொடங்கிய கிரீடா என்ற நிறுவனம் இந்தப் பல்லாங்குழி, தாயம், பரமபதத்தையெல்லாம் மறுபடி செய்து விற்கிறது. வியாபாரமாகவும் நடத்தலாம் என்பதற்கு அது சாட்சி.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த விளையாட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மனசுக்குள் திட்டிக்கொண்டுதான் பஸ்ஸில் ஏறுகிறார்கள். சனியும் ஞாயிறும் அவர்களுடைய பிள்ளைகளுக்கு உரியவை. அதைப் பிடுங்கிக்கொண்டு "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று பனியன் அச்சடித்துக் கொடுத்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? வேலை நாளில் கூட்டி வரும் கம்பனிகளின் ஆட்கள் சிரிப்பது வேறு மாதிரி இருக்கும். முகத்தைப் பார்த்தாலே சொல்லிவிடுவேன். சம்பளத்தில் கை வைத்துவிட்டுக் கயிறு இழுக்கக் கூட்டி வருகிற கம்பனியையும் பார்த்திருக்கிறேன். அங்கே எந்த விளையாட்டும் பலிக்காது. தோட்டத்தில் நாட்சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபா ஆவதற்கு எத்தனை வருசம் வீதியில் நின்றோம்! காமன் கூத்தாடியதால் அது கிடைக்கவில்லை. ஆனால் வீதியில் பக்கத்தில் நின்றவன் யார் என்று தெரிந்திருந்தது, அவன் போன மாசியில் வீரபத்திரன்.

இரண்டு நாளில் நல்ல பகுதி விளையாட்டு இல்லை, அதற்குப் பிறகு வட்டமாக உட்காருகிற நேரம். ஆளுக்கொரு சாயத்தண்ணி, கொஞ்சம் கருப்பட்டி. "சதுரம் கோணினப்ப நீங்க என்ன நெனைச்சீங்க?" என்று ஒரு கேள்வியை மட்டும் போட்டுவிட்டு நான் வாயை மூடிக்கொள்வேன். முதல் ஐந்து நிமிசம் யாரும் பேச மாட்டார்கள். அந்த ஐந்து நிமிசத்தைப் பொறுத்துக்கொள்ளத் தெரியாததால்தான் பல முகாம்கள் உடனே பாட்டைப் போட்டு ஆட வைத்துவிடுகின்றன. பொறுத்திருந்தால் யாராவது ஒருவர் தொடங்குவார். ஒருமுறை கடைசியில் பேசியவர் நிர்வாக இயக்குநர். "நான் கத்தினது பயத்தில" என்றார். அதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்க்க என்ன இருக்கிறது?

உங்கள் கம்பனியிலும் ஒருநாள் இப்படி ஒரு சுற்றறிக்கை வரும். போங்கள், நன்றாக இருக்கும். போகுமுன் ஒரு விசயத்தை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்: உங்கள் பெரியவரும் கண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறாரா? ஆமாம் என்றால் பழைய சட்டை ஒன்றும் மாற்றுச் செருப்பும் எடுத்துக்கொண்டு வாருங்கள், அட்டைக் கடிக்குக் கொஞ்சம் உப்பும். நோட்டுப் புத்தகத்தோடு ஓரமாக நிற்கப் போகிறார் என்றால், அன்றைக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டுவிடுங்கள்.